எல்லாம் தெரியும், செய்யத்தான் முடியவில்லை

கேள்வி: எனக்கு 43 வயது. அலுவலக வேலை, நாள் முழுக்க உட்கார்ந்தபடிதான். எடை 74 கிலோ. போன மாதம் எடுத்த ரத்தப் பரிசோதனையில், இரண்டு மூன்று மாதத்துச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 6.1 என்று வந்தது. ரத்த அழுத்தம் 134/86. "இது சர்க்கரை நோய் இல்லை, அதற்கு முந்தைய நிலை. எடையைக் குறையுங்கள், நடங்கள், மூன்று மாதம் கழித்து வாருங்கள்" என்று டாக்டர் சொல்லி அனுப்பிவிட்டார். என் அப்பாவுக்குச் சர்க்கரை நோய் இருந்தது, கடைசியில் டயாலிசிஸ் வரை போனது. அதனால் பயமாக இருக்கிறது. தினமும் மாலை 45 நிமிடம் நடப்பது, இனிப்பை அடியோடு விடுவது என்று ஒவ்வொரு முறையும் ஆரம்பிக்கிறேன், இரண்டு வாரத்தில் நின்றுவிடுகிறது. வீடு வந்து சேரவே ஏழு மணி ஆகிறது. எங்கள் அலுவலகத்தில் ஹெல்த் கோச் ஒருவரிடம் ஆறு மாதம் பேசும் வசதி இருக்கிறது, பாதிச் செலவு நம்முடையது. "தெரிந்ததையே திரும்பச் சொல்வதற்கு ஓர் ஆளா?" என்கிறார் கணவர். "முழு உடல் பரிசோதனை எடுத்துவிடு, அதுதான் வருமுன் காப்பது" என்கிறாள் தோழி. வீட்டில் எனக்காக யாரும் எதையும் மாற்றிக்கொள்வதும் இல்லை. நான் என்ன செய்யட்டும்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்தப் பயத்தைப் பற்றிப் பேசிவிடுவோம். அப்பா பட்ட பாட்டைப் பக்கத்திலிருந்து பார்த்தவர் நீங்கள். 6.1 என்று படித்ததும் டயாலிசிஸ் அறைதான் கண்முன் வந்திருக்கும். ஆனால் அந்த எண் சொல்லும் செய்தி அது அல்ல. எச்பிஏ1சி 5.7க்குக் கீழே இருந்தால் இயல்பு, 6.5ஐத் தொட்டால் சர்க்கரை நோய் என்று கணக்கு. நீங்கள் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறீர்கள். இங்கே இருக்கிற எல்லோரும் சர்க்கரை நோய்க்குப் போய்ச் சேருவதில்லை. பல வருடம் இதே அளவில் இருப்பவர்கள் உண்டு, இயல்புக்குத் திரும்பியவர்களும் உண்டு. பெரும்பாலானவர்களுக்கு இந்தக் கட்டத்தில் எந்த அறிகுறியும் தெரியாது. சோதனை செய்து பார்த்ததால்தான் உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. அப்பாவுக்குக் கிடைக்காத அவகாசம் உங்களுக்குக் கிடைத்திருக்கலாம்.

அடுத்தது, உங்கள் கணவரின் கேள்வி. நியாயமான கேள்விதான், அதனால் நேராகவே பதில் சொல்கிறேன். நானும் இந்த வேலையைச் செய்பவள். பல வருடம் சர்க்கரை நோய்ப் பிரிவில் நர்ஸாக இருந்துவிட்டு ஹெல்த் கோச்சாக வந்தவள். என் சார்பு எந்தப் பக்கம் என்பதைத் தெரிந்துகொண்டே மேலே படியுங்கள்.

தெரிந்ததைத் திரும்பச் சொல்வதுதான் கோச்சின் வேலை என்றால், உங்கள் கணவர் சொல்வது சரி. அப்படிப்பட்ட ஆள் தேவையே இல்லை. எது நல்லது, எது கெட்டது என்று தெரியாமல் உடம்பைக் கெடுத்துக்கொண்டவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. வார்டில் படுத்திருந்தவர்களில் பலர் உணவுப் பட்டியலை என்னை விட நன்றாக ஒப்பிப்பார்கள். அவர்களுக்கு அறிவு குறையவில்லை. டாக்டர் சொன்ன ஒரு வாக்கியத்தை, நிற்க நேரமில்லாத ஒரு வாழ்க்கைக்குள் எங்கே வைப்பது என்றுதான் தெரியவில்லை. அதைக் கூட உட்கார்ந்து யோசிக்க யாரும் இல்லை. டாக்டருக்குப் பத்து நிமிடம்தான் இருக்கிறது. வீட்டில் உள்ளவர்களுக்கு அக்கறை இருக்கிறது, ஆனால் அது பெரும்பாலும் கண்டிப்பாகத்தான் வெளியே வருகிறது. இந்த இடைவெளியில்தான் கோச்சுக்கு வேலை.

இது வெறும் நல்லெண்ணப் பேச்சு இல்லை என்பதற்கு ஓர் ஆதாரம் சொல்கிறேன். அமெரிக்காவில் 27 மையங்களில், உங்களைப் போலவே சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலையில் இருந்த 3,234 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. 2002இல் முடிவு வெளியானது. ஒரு பிரிவினருக்குச் சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் மாத்திரை, ஒரு பிரிவினருக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை, மூன்றாவது பிரிவினருக்கு வாழ்க்கை முறைப் பயிற்சி. பயிற்சிப் பிரிவினருக்கு இரண்டே இலக்குகள்: உடல் எடையில் 7 சதவீதம் குறைப்பது, வாரத்துக்கு 150 நிமிடம் வேகமாக நடப்பது போன்ற உழைப்பு. சராசரியாக மூன்று வருடத்துக்குச் சற்றுக் குறைவான காலத்தில், வெற்று மாத்திரைப் பிரிவோடு ஒப்பிட்டால் மாத்திரைப் பிரிவில் சர்க்கரை நோய் வருவது 31 சதவீதம் குறைந்தது. பயிற்சிப் பிரிவில் 58 சதவீதம் குறைந்தது. இன்னும் எளிதாகச் சொன்னால், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் வருடத்துக்கு நூற்றுக்கு 11 பேருக்கு நோய் வந்தது, பயிற்சி பெற்றவர்களில் நூற்றுக்கு 5 பேருக்கு வந்தது.

இந்த ஆய்வைப் பற்றிப் பேசுபவர்கள் 7 சதவீதத்தையும் 150 நிமிடத்தையும் சொல்லிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அந்தப் பிரிவில் இருந்த ஒவ்வொருவருக்கும் ஒரு கோச் இருந்தார். முதல் 24 வாரத்தில் 16 பாடங்கள், தனித்தனியாக, நேருக்கு நேர். அதற்குப் பிறகும் மாதா மாதம் தொடர்பு. யாருக்கு எங்கே தடுக்கிறது என்று பார்த்து அதற்கேற்ப வழி மாற்றினார்கள். வெற்று மாத்திரைப் பிரிவில் இருந்தவர்களுக்கும் 'சரியாகச் சாப்பிடுங்கள், நடங்கள்' என்ற அறிவுரை எழுத்திலும் நேரிலும் தரப்பட்டது. இரண்டு பிரிவுக்கும் தகவல் போய்ச் சேர்ந்தது, ஒரு பிரிவுக்குத்தான் கூடவே ஆள் வந்தது. உங்கள் கணவரிடம் இதை மட்டும் சொல்லுங்கள், போதும்.

சரி, அந்த ஆள் உட்கார்ந்து என்னதான் செய்வார்?

நல்ல கோச் முதல் சந்திப்பில் அதிகம் பேசமாட்டார். வில்லியம் மில்லர் என்ற உளவியலாளர் 1983இல், குடிப்பழக்கத்தில் சிக்கியவர்களோடு வேலை செய்த அனுபவத்திலிருந்து ஒரு பேச்சு முறையை எழுதினார். பிறகு ஸ்டீபன் ரோல்னிக்கும் சேர்ந்து அதை வளர்த்தார். இன்று ஹெல்த் கோச்சிங்கின் முதுகெலும்பு அதுதான். மில்லர் கவனித்த விஷயம் இது: மாறலாமா வேண்டாமா என்று இரண்டு மனதாக இருக்கும் ஒருவரிடம் 'நீ மாறித்தான் ஆகணும்' என்று நாம் வாதாடினால், மாறாமல் இருப்பதற்கான காரணங்களை அவர் சொல்ல ஆரம்பித்துவிடுவார். சொல்லச் சொல்ல அதையே நம்பவும் ஆரம்பித்துவிடுவார். வீட்டில் 'நடக்கக் கூடாதா?' என்று கேட்டால், 'எங்கே நேரம் இருக்கு?' என்று உடனே வாயில் வருகிறதல்லவா, அதேதான். அதனால் மாறுவதற்கான காரணம் உங்கள் வாயிலிருந்தே வரும்படி கேள்வி கேட்பதுதான் கோச்சின் திறமை.

என் கோச்சிங் வேலையில் நடந்த ஒன்றை, ஆளை அடையாளம் தெரியாதபடி மாற்றிச் சொல்கிறேன். ஒருவர் வந்து உட்கார்ந்ததும் "நான் ஒரு சோம்பேறி மேடம், வாயைக் கட்ட முடியாதவன்" என்றார். வேலை முடிந்து வீட்டுக்குப் போனதும் கைக்குக் கிடைத்த நொறுக்குத் தீனி எல்லாம் காலி. இரவு முழுக்கக் குற்ற உணர்ச்சி. ஒரு வாரம் எதையும் மாற்ற வேண்டாம், என்ன சாப்பிட்டீர்கள், எப்போது என்று மட்டும் எழுதிக்கொண்டு வாருங்கள் என்றேன். கொண்டு வந்தார். அந்தத் தாளை அவர் பக்கமாகவே திருப்பி வைத்து, "இதில் உங்களுக்கு என்ன தெரிகிறது?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு விரலை வைத்துக் காட்டினார். நொறுக்குத் தீனி எல்லை மீறிய நாள் ஒவ்வொன்றிலும் மதியச் சாப்பாடு மூன்று மணிக்கு மேல் தள்ளிப் போயிருந்தது, அல்லது ஏதோ இரண்டு வாய்தான் உள்ளே போயிருந்தது. நேரத்துக்குச் சாப்பிட்ட நாட்களில் மாலையில் பிரச்சினையே இல்லை. "அப்போ நான் சாயங்காலம் கெட்டுப் போகலை, மத்தியானமே கெட்டுப் போயிட்டேன்" என்றார்.

அதற்குப் பிறகு நாங்கள் நொறுக்குத் தீனியைப் பற்றிப் பேசவே இல்லை. மதியம் ஒன்றரைக்குள் எழுந்து சாப்பிடப் போக என்ன வழி என்று பேசினோம். இத்தனை வருடம் தன்னைத் திட்டிக்கொண்டு ராத்திரியில் போராடிய போராட்டம், பகலில் கடிகாரத்தைப் பார்ப்பதாகச் சுருங்கியது. இதை நான் அறிவுரையாகச் சொல்லியிருந்தால், "அதெல்லாம் ஆபீஸில் முடியாது மேடம்" என்று எழுந்து போயிருப்பார். தானே கண்டுபிடித்ததால் மறுக்க முடியவில்லை.

இனி உங்கள் மாலை நடையைப் பார்ப்போம். 45 நிமிடம், தினமும், மாலையில். ஏழு மணிக்கு வீட்டுக்குள் நுழைபவர் ஒருவருக்கு இந்தத் திட்டம் பொருந்தவே இல்லை. பையை வைத்ததும் சமையல், பிள்ளைகள் என்று ஆயிரம் வேலை காத்திருக்கும். நீங்கள் இரண்டு வாரத்தில் நின்றுவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். இப்படி ஒரு திட்டத்தை இரண்டு வாரம் இழுத்துக்கொண்டு போயிருக்கிறீர்கள் என்பதுதான் எனக்கு ஆச்சரியம். உங்கள் மன உறுதியில் குறை எதுவும் இல்லை, திட்டத்தில்தான் குறை.

கோச் இந்த இடத்தில் ஒரு கேள்வி கேட்பார்: "அந்த இரண்டு வாரத்தில் நடக்க முடிந்த நாட்களில் என்ன வித்தியாசமாக இருந்தது?" ஏதோ ஒரு நாள் சீக்கிரம் கிளம்பியிருப்பீர்கள், ஒரு நாள் சமையல் வேலை பாதி முடிந்திருக்கும், ஒரு நாள் தோழி கூட வந்திருப்பாள். அந்த பதிலிலிருந்துதான் அடுத்த திட்டம் பிறக்கும். பிறகு இன்னொரு கேள்வி வரும்: "இதைச் செய்துவிட முடியும் என்று 0 முதல் 10 வரை எவ்வளவு நம்பிக்கை?" நீங்கள் 5 என்று சொன்னால், "ஏன் பத்து இல்லை?" என்று அவர் கேட்கக் கூடாது. "ஏன் மூன்று என்று சொல்லவில்லை?" என்று கேட்க வேண்டும். முதல் கேள்விக்குச் சாக்குகள் வரும். இரண்டாவது கேள்விக்கு, உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் பலம் வெளியே வரும். நம்பிக்கை ஏழுக்குக் கீழே இருந்தால், ஏழுக்கு வரும் வரை இலக்கைச் சுருக்குவார். தினமும் 45 நிமிடம் என்பது, வாரத்தில் நான்கு நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு 10 நிமிடம் என்று ஆகலாம். பார்க்க அற்பமாக இருக்கும், ஆனால் நடக்கும்.

சாப்பாட்டுக்குப் பிறகு என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. தசைகள் வேலை செய்யும்போது, இன்சுலின் துணை இல்லாமலேயே ரத்தத்திலிருக்கும் சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளும். சாப்பிட்டதும் சர்க்கரை ஏறும் நேரத்தில் நடந்தால் அந்த ஏற்றம் மட்டுப்படும். உங்கள் நிலையில் இருப்பவருக்கு, பத்தே நிமிடமானாலும் சரியான பத்து நிமிடம் அதுதான். ஒரே மூச்சில் நடந்தால்தான் கணக்கு என்பதும் இல்லை. பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பும், குறைந்தது இரண்டு நாள் தசைக்கான பயிற்சியும் வேண்டும் என்று சொல்லும் உலகச் சுகாதார அமைப்பு, 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் உழைப்பு இத்தனை நிமிடமாவது தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்ற பழைய நிபந்தனையை எடுத்துவிட்டது. துண்டு துண்டாக நடந்தாலும் சேர்த்துக்கொள்ளலாம்.

'நடப்பேன்' என்று பொதுவாக முடிவு செய்வதை விட, 'இது நடந்ததும் அதைச் செய்வேன்' என்று ஒரு நிகழ்வோடு முடிச்சுப் போடுவது அதிகம் பலிக்கிறது என்று பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளரின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. 'சாப்பாட்டு டப்பாவைக் கழுவி வைத்ததும் செருப்பைப் போட்டுக்கொண்டு கீழே இறங்குவேன்' என்பது போல. முடிவெடுக்கும் வேலை அந்த நேரத்தில் மிச்சம் இருக்கக் கூடாது. களைத்திருக்கும் மனது எடுக்கும் முடிவு பெரும்பாலும் 'நாளைக்குப் பார்க்கலாம்' என்றுதான் இருக்கும்.

21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அதை நம்பி 22ஆம் நாள் மனம் உடைந்தவர்கள் நிறையப் பேர். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2010இல் அச்சில் வந்தது. ஒரு செயல் தானாக நடக்கும் பழக்கமாக மாறப் பாதிப்பேருக்கு 66 நாள் அல்லது அதற்கு மேல் தேவைப்பட்டது. ஆளுக்கு ஆள் 18 நாள் முதல் 254 நாள் வரை மாறியது. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனது பழக்கம் உருவாவதைப் பெரிதாகக் கெடுக்கவில்லை என்பதும் அதில் தெரிந்தது. இரண்டு வாரத்தில் நின்றபோது 'எல்லாம் போச்சு' என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். போகவில்லை. கோச் இருப்பதன் மிகப் பெரிய பயனே இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன். விட்டுப்போன வாரத்துக்கு அடுத்த வாரம் ஒருவர் போன் செய்து, திட்டாமல், "சரி, என்ன ஆச்சு? எங்கிருந்து தொடரலாம்?" என்று கேட்பார். பலரை மீண்டும் நடக்க வைத்தது அந்த ஒரு கேள்விதான்.

எடை விஷயத்தில் உங்களுக்கான கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 74 கிலோவில் 7 சதவீதம் என்றால் 5 கிலோ சொச்சம். கல்யாணத்தின்போது இருந்த எடைக்குப் போக வேண்டியதில்லை. 5 கிலோவை ஆறு மாதத்தில் எட்டினாலே போதும். இனிப்பை 'அடியோடு' விடுவதற்குப் பதிலாக, தினமும் தன்னையறியாமல் உள்ளே போகும் சர்க்கரை எது என்று பாருங்கள். பல பேருக்கு அது தட்டில் இருக்காது, குடிக்கும் பானத்தில்தான் இருக்கும். அப்புறம் தூக்கம். கடிதத்தில் நீங்கள் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதவில்லை. யாரும் எழுதுவதில்லை. ஏழு மணி நேரத்துக்குக் குறைவாகத் தொடர்ந்து தூங்கினால் பசி கூடும், இன்சுலின் சரியாக வேலை செய்வது குறையும். இரவு பதினொன்றரை வரை வேலை செய்துவிட்டு விடியற்காலை ஐந்துக்கு எழுந்து நடப்பது உங்களுக்கு லாபமா என்பது சந்தேகம்தான்.

கோச்சிங்கின் எல்லைகளையும் மறைக்க மாட்டேன். நான் முதலில் சொன்ன அமெரிக்க ஆய்வில் இருந்தவர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். 58 சதவீதமாக இருந்த வித்தியாசம் 10 வருடத்தில் 34 சதவீதமாகவும், 15 வருடத்தில் 27 சதவீதமாகவும் குறைந்தது. இதற்கு ஒரு காரணம், முதல் கட்டம் முடிந்ததும் மற்றப் பிரிவினருக்கும் பயிற்சி கொடுத்துவிட்டார்கள். குறைத்த எடையில் கொஞ்சம் பலருக்குத் திரும்ப ஏறியதும் உண்மை. ஆறு மாதப் பயிற்சி ஆயுளுக்கும் பூட்டுப் போட்டுவிடாது. ஆனாலும் சர்க்கரை நோய் நாலு வருடம் தள்ளிப் போவது சின்ன விஷயம் இல்லை. சீனாவின் டாச்சிங் நகரத்தில் 1986இல் 577 பேரோடு தொடங்கிய ஆய்வில், ஆறு வருட வாழ்க்கை முறைப் பயிற்சி பெற்றவர்களை 30 வருடம் கழித்துப் பார்த்தபோது, நோய் சராசரியாக ஏறக்குறைய நாலு வருடம் தள்ளிப் போயிருந்தது. மாரடைப்பு, பக்கவாதம் போன்றவையும் குறைந்திருந்தன. நாலு வருடம் குறைவாகச் சர்க்கரை நோயோடு இருப்பது, கண்ணுக்கும் சிறுநீரகத்துக்கும் நாலு வருடம் குறைவான பாரம்.

அதனால் உங்கள் அலுவலகம் தரும் வாய்ப்பை எடுத்துக்கொள்ளுங்கள் என்றே சொல்வேன். ஆனால் யார் அந்தக் கோச் என்று பார்த்துவிட்டு எடுங்கள். பல நாடுகளில் இந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளச் சட்டத்தில் எந்தத் தடையும் இல்லை. அமெரிக்காவில் 2017இலிருந்து இதற்கென்று தேசிய அளவில் தேர்வு நடக்கிறது, எல்லா இடத்திலும் அப்படி இல்லை. எங்கே பயிற்சி எடுத்தீர்கள், எவ்வளவு காலம், யார் மேற்பார்வையில் என்று கூச்சப்படாமல் கேளுங்கள். 'உங்கள் டாக்டர் என்ன சொன்னார், என்ன மாத்திரை எடுக்கிறீர்கள்' என்று முதல் சந்திப்பிலேயே விசாரிப்பவர் நல்லவர். மாத்திரையை நிறுத்தச் சொல்பவர், பவுடரோ பானமோ விற்பவர், இத்தனை நாளில் இத்தனை கிலோ என்று உத்தரவாதம் தருபவர், ரிப்போர்ட்டைப் பார்த்து நோய் இன்னதென்று தானே முடிவு செய்பவர், இவர்களிடம் ஒரு நாளும் இருக்காதீர்கள். இன்னொன்று, பேசி முடித்து வெளியே வரும்போது உங்களைப் பற்றி உங்களுக்கே கேவலமாகத் தோன்றினால், அவர் எவ்வளவு படித்தவராக இருந்தாலும் உங்களுக்கான ஆள் இல்லை. மூன்று நான்கு சந்திப்பிலேயே இது தெரிந்துவிடும், மாற்றிக் கேளுங்கள்.

அலுவலகம் மூலம் போவதால், அங்கே பேசுவது மேலதிகாரிக்குப் போகுமா என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இது பலர் மறந்துவிடும் விஷயம்.

இனி உங்கள் ரத்த அழுத்தம். 134/86 என்பதைச் சில வழிகாட்டுதல்கள் உயர் அழுத்தத்தின் முதல் படி என்கின்றன, சில இயல்பின் மேல் எல்லை என்கின்றன. ஒரே ஒரு தடவை, அதுவும் டாக்டர் அறையில் பதற்றத்தோடு பார்த்ததை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. வீட்டில் கைமேல்பகுதியில் சுற்றும் கருவியில் ஒரு வாரம் காலையும் மாலையும் பாருங்கள். அதற்கு முன்னால் அரை மணி நேரம் காபி, டீ வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்ந்து, இரண்டு பாதமும் தரையில் படும்படி ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். கால் மேல் கால் போட வேண்டாம். கை மேஜை மேல், பட்டை இதயத்தின் உயரத்தில். பார்க்கும்போது பேசக் கூடாது, சமையலறையிலிருந்து யாராவது கூப்பிட்டாலும் சரி. ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை பார்த்து இரண்டையும் எழுதுங்கள். முதல் நாள் எண்களை விட்டுவிட்டு மற்ற நாட்களின் சராசரியை டாக்டரிடம் காட்டுங்கள். அவருக்கு நீங்கள் கொண்டுபோகக் கூடிய மிக உபயோகமான தாள் அதுதான். உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் இருக்கட்டும். ஊறுகாய், பாக்கெட் தின்பண்டங்களில் இருக்கும் உப்பும் அதில் சேர்த்தி.

தோழி சொன்ன முழு உடல் பரிசோதனைக்கு வருகிறேன். அவர் அக்கறையில் சொல்கிறார், ஆனால் அதுதான் வருமுன் காப்பது என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். சோதனை எதையும் தடுக்காது, இருப்பதைக் காட்டும். நோய் அறிகுறி இல்லாதவர்களுக்குப் பொதுவாகச் செய்யும் உடல் பரிசோதனைகளைப் பற்றி, இரண்டரை லட்சம் பேர் பங்கெடுத்த 15 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கோக்ரேன் அமைப்பு 2019இல் ஒரு தொகுப்பு வெளியிட்டது. அப்படிச் செய்துகொண்டதால் இறப்பு குறைந்ததாகத் தெரியவில்லை. இன்னொரு சிக்கலும் உண்டு. பல சோதனைகளில் 'இயல்பு' என்ற எல்லையை, ஆரோக்கியமானவர்களில் நூற்றுக்கு 95 பேர் உள்ளே வரும்படி வைத்திருக்கிறார்கள். ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத அப்படிப்பட்ட 20 சோதனைகளை எந்த நோயும் இல்லாத நூறு பேருக்குச் செய்தால், அவர்களில் 64 பேருக்கு ஏதாவது ஓர் எண் சிவப்பில் வரும். அதற்குப் பின்னால் ஸ்கேன், அதற்குப் பின்னால் இன்னொரு டாக்டர், நடுவில் தூங்காத இரவுகள்.

அதற்காகச் சோதனையே வேண்டாம் என்று சொல்லவில்லை. உங்கள் வயதுக்கும் குடும்ப வரலாற்றுக்கும் எது தேவையோ அதைச் செய்யுங்கள். ரத்த அழுத்தம், கொழுப்பு, எச்பிஏ1சி, அப்பாவுக்குச் சிறுநீரகம் பாதித்ததால் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினும் சிறுநீரில் அல்புமின் என்ற புரதமும், கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கான பரிசோதனை. மார்பகம், பெருங்குடல் பரிசோதனைகளை எந்த வயதில் தொடங்குவது என்பது நாட்டுக்கு நாடு மாறும். உங்கள் டாக்டரிடம் 'எனக்கு எது, எப்போது?' என்று கேட்டு ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். டாக்டர் மூன்று மாதம் என்று சொன்னதற்கும் காரணம் இருக்கிறது. ரத்தச் சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் வாழும். எச்பிஏ1சி அந்த அணுக்களில் ஒட்டியிருக்கும் சர்க்கரையின் அளவு. அதனால் இரண்டு மூன்று மாதத்துச் சராசரிதான் அதில் தெரியும். நடுவில் அவசரப்பட்டுப் பார்த்து மனம் தளர வேண்டாம்.

கடைசியாக வீடு. 'எனக்காக யாரும் எதையும் மாற்றிக்கொள்வதில்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியில் இருக்கும் களைப்பு எனக்குப் புரிகிறது. 'எல்லோரும் ஒத்துழையுங்கள்' என்று பொதுவாகக் கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள், ஒன்றும் நடக்காது. ஒருவரிடம் ஒரு வேலையைக் கேளுங்கள். கணவரிடம்: "வாரத்தில் மூன்று நாள் இரவுச் சாப்பாடு முடிந்ததும் பாத்திரத்தையும் பிள்ளைகளையும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள், நான் 15 நிமிடம் நடந்துவிட்டு வருகிறேன்." எந்த மூன்று நாள் என்பதையும் அப்போதே பேசி முடிவு செய்துவிடுங்கள். அவருக்கு விருப்பமிருந்தால் கோச்சோடு ஒரு சந்திப்புக்கு அவரையும் அழைத்துப் போகலாம், பலர் அதை அனுமதிப்பார்கள். நொறுக்குத் தீனியை வீட்டிலிருந்தே ஒழிக்க வேண்டும் என்று சண்டை போட வேண்டாம், உங்கள் கண்ணில் படாத அலமாரிக்கு மாற்றி வைக்கச் சொல்லுங்கள்.

தாங்க முடியாத தாகம், அடிக்கடி சிறுநீர், காரணமில்லாமல் எடை இறங்குவது, பார்வை மங்குவது, இவற்றில் எதுவானாலும் மூன்று மாதம் முடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே டாக்டரைப் பாருங்கள். நெஞ்சில் அழுத்தம் வந்தாலோ, முகம் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, ஒரு பக்கக் கை கால் திடீரென்று தளர்ந்தாலோ நேராக அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். அடுத்த பரிசோதனை முடிந்ததும், எண் எதுவாக இருந்தாலும், எனக்கு எழுதுங்கள்.